கல் மட்டும் காட்டுகிறவள்

ஹெல்லவோக்
21 மே 1995

அன்புள்ள டோர்டிஸ் அத்தைக்கு,

ஸிஸெல் எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆட்டுக்குட்டிகள் எல்லாம் பிழைத்தனவா? அப்பாவிடம் போனில் உங்களைப் பற்றிக் கேட்டால், "அவளுக்கென்ன, நம்ம எல்லாரையும் அனுப்பி வச்சுட்டுத்தான் போவா" என்கிறார்.

ஆஸ்பத்திரியில் என்னைக் குழந்தைகளின் எலும்பு வார்டில் டாக்டராகப் போட்டிருக்கிறார்கள். பழைய கட்டடத்தின் மேல்மாடி. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து மீன் வாடை. பதினேழாம் தேதி தேசிய நாள் ஊர்வலம் முடிந்த கையோடு மூன்று பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். கொடியைக் கீழே போட்டுவிட்டு மீன் உலர்த்தும் மரச்சட்டங்களில் ஏறி விழுந்தவர்கள். மூவருக்கும் முழங்கை.

பிள்ளைகள் கையை ஊன்றி விழுந்தால் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு ஒடியும். ஒடிந்த முனை பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாயையும் நரம்புகளையும் நசுக்கிவிடலாம். எலும்பு எப்படியும் கூடிவிடும், அத்தை. கைதான் போய்விடும். அதனால் வந்தவுடனும், மாவுக்கட்டுக்கு முன்னும் பின்னும், நாடி துடிக்கிறதா, விரல் நுனி சிவப்பாகச் சூடாக இருக்கிறதா, ஒவ்வொரு நரம்பும் வேலை செய்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினேன். பாதிக்கு மேல் ஒரே சொல்: "சரி." எதைப் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பலவற்றில் அந்தச் சொல்கூட இல்லை. இதைச் சீர்செய்வதை நானே என் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

சின்னப் பிள்ளையிடம் "நரம்பைக் காட்டு" என்றா கேட்க முடியும்? அதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. கல், காகிதம், கத்தரி. கல்லுக்கு விரல்களை மடக்க ஒரு நரம்பு, காகிதத்துக்கு விரிக்க ஒன்று, கத்தரிக்கு அகட்ட ஒன்று. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் பிடிக்கச் சொன்னால் இன்னொன்றும் தெரிந்துவிடும்.

ஈவர் என்ற ஆறு வயதுப் பையனிடம், "கல், காகிதம், கத்தரி ஆடலாமா?" என்றேன்.

"இப்பதான் அந்தக்காகூட ஆடினேன்" என்றான்.

"எந்த அக்கா?"

"ஈரத் தலை அக்கா. அவங்க எப்பவும் கல்லு மட்டுந்தான் காட்டுவாங்க. நான் காகிதம் காட்டிக் காட்டி ஜெயிச்சுட்டேன்."

இந்த வார்டில் பெரிய பெண் யாருமே இல்லை. பார்க்க வந்த யாராவதாக இருக்கும். எவ்வளவு நல்ல பெண், குழந்தைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரியமுள்ள
ஸிஸெல்


ஸ்கார்வோய்
4 ஜூன் 1995

அன்பு ஸிஸெலுக்கு,

கடிதம் கிடைத்தது. கால் வலி இருக்கிறது. இல்லாவிட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கும். ஆட்டுக்குட்டிகளில் ஒன்றைக் கழுகு தூக்கிப் போயிற்று. மற்றவை நலம். கடல் வாத்துகள் கூடுகளில் உட்கார்ந்துவிட்டன. அதனால் யாரும் உரக்கப் பேசக்கூடாது, நாய் கட்டிப்போடப்பட்டிருக்கிறது, நானும் ஆட்டிடம் கிசுகிசுக்கிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் அப்பா நீ இளைத்துவிட்டதாகச் சொன்னான்.

உன் வார்டு எது? படியேறியதும் இடப்பக்கம், கப்பல்துறை தெரிகிற நீண்ட அறையா? சும்மா கேட்கிறேன்.

அந்தப் பெண் எந்தக் கையால் விளையாடினாளாம்?

கடவுள் உன் பக்கம் இருக்கட்டும்.

அத்தை டோர்டிஸ்


ஹெல்லவோக்
25 ஜூன் 1995

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், அப்பாவை நம்பாதீர்கள்.

ஆமாம், அதே நீண்ட அறைதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?

என் வேலை சண்டையில் நிற்கிறது. ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு வரி, நாடிக்கு ஒரு வரி, பார்த்த நேரம், பார்த்தவர் பெயர் என்று ஒரு தாள் தயாரித்துப் பெரிய டாக்டர் லோக்கனிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, இருவது வருஷமா கை பாக்கறேன். நான் சரின்னு எழுதினா சரிதான். இதுல என்ன பரீட்சைத் தாள் மாதிரி?" என்றார். "நீங்க வீட்டுக்குப் போனப்புறம் கை குளிர்ந்து போச்சுன்னா, வந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு அடுத்த டாக்டருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "போன் இருக்கு" என்றுவிட்டுப் போனார்.

நீங்கள் எந்தக் கை என்று கேட்டிருந்தீர்கள். ஈவர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டான். ஆனால் நேற்று வேறொரு பிள்ளை, வடக்கே தொலைவிலிருந்து வந்தவள், ஈவரைக் கண்ணால்கூடப் பார்க்காதவள், அதையே சொன்னாள். மத்தியான வெயில் கட்டில் மேல் விழுந்துகொண்டிருந்தது. மற்ற பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கையை நீட்டியதும், "நீங்களும் கல்லுதான் காட்டுவீங்களா?" என்று கேட்டாள். வலது கையாம். "அவங்களால விரலைத் திறக்க முடியாது" என்று தன் விரல்களைக் கொக்கி போல வளைத்துக் காட்டினாள். பின்னல் போட்ட பெண். பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை. தலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்ததாம்.

நர்ஸ் ஊன்னியிடம் சொன்னேன். "நம்ம வார்டுல எலிக்கே சோறு கிடையாது, பேய் எதுக்கு வரும்?" என்று சிரித்தாள். பிறகு கட்டிலைச் சுற்றி வந்தவள் நின்றுவிட்டாள். தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீர்க் குவளை நிறைந்தபடி மேசையில்தான் இருந்தது.

பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கதை பிடித்துக்கொள்வார்கள். அப்படித்தான் இருக்கும்.

அன்புடன்
ஸிஸெல்


ஸ்கார்வோய்
28 ஜூன் 1995

ஸிஸெலுக்கு,

தபால் படகு திரும்புவதற்குள் எழுதுகிறேன், படகுக்காரன் காத்திருக்கிறான்.

பின்னல் ஒன்றா இரண்டா? சட்டையில் மேல் பொத்தான் மட்டும் வேறு நிறமா, வெள்ளையா? அவள் ஏதாவது கேட்கிறாளா? யார் பெயரையாவது சொல்கிறாளா?

பிள்ளைகளை மிரட்டாமல் கேள்.

அத்தை


ஹெல்லவோக்
13 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் குறுங்கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை, உங்கள் உடம்பைப் பற்றியும் ஒன்றுமில்லை. அதுவே என்னைக் கலக்கியது. பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியாததுதான். இப்போது எழுதியே ஆகவேண்டும்.

போன வியாழக்கிழமை. வார்டில் வாஃபிள் சுடும் நாள். நடைவழி முழுக்க வெண்ணெய் வாசம். ஹெடா என்ற ஏழு வயதுப் பெண்ணுக்கு முந்தின நாள் எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டிருந்தோம். காலையில் பார்த்த டாக்டர் கேஸ் ஷீட்டில் "சரி" என்று எழுதியிருந்தார். நான் வாஃபிள் தட்டோடு போனேன். அவள் வாங்கவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"இன்னிக்கி நான் ஜெயிக்கல" என்றாள். "ரெண்டு பேரும் கல்லு."

"நீ ஏன் காகிதம் காட்டல, கண்ணு?"

"வரல."

தட்டை வைத்துவிட்டுக் கையைப் பிடித்தேன். விரல்கள் மீன் போலக் குளிர்ந்திருந்தன. நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப வேண்டும், வரவே இல்லை. ஒரு விரலை மெல்ல நிமிர்த்தியதற்கே அலறினாள்.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே. காலைல வந்த டாக்டர், வலிக்கத்தான் செய்யும், சமத்தா இருன்னுட்டாரு. அந்தக்காதான் அழுதாங்க. மறுபடி சொல்லு, மறுபடி சொல்லுன்னாங்க. எனக்கும் இப்படித்தான் ஆச்சுன்னாங்க."

மாவுக்கட்டை அங்கேயே வெட்டித் திறந்தேன். ஊன்னி லோக்கனைக் கூப்பிட ஓடினாள். உள்ளே வீக்கம் ரத்தத்தை நெருக்கியிருந்தது. ஆபரேஷனில் தோலைத் திறந்து அழுத்தத்தை விடுவித்தோம். விரல்கள் சிவக்கும் வரை லோக்கன் என் பக்கத்திலேயே நின்று பார்த்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும் நனைந்திருந்தது. இன்று ஹெடா காகிதம் காட்டினாள். கொஞ்சம் கோணல் காகிதம்.

கட்டிலுக்கு அடியில் மறுபடியும் தண்ணீர். ஊன்னி துடைத்துவிட்டுத் துணியை முகர்ந்து பார்த்தாள். "கடல் தண்ணி" என்றாள். அவள் இப்போது சிரிப்பதில்லை.

ஒரு பின்னல், அத்தை. மேல் பொத்தான் வெள்ளை. ஹெடாவே சொன்னாள், நான் கேட்காமலே.

உங்கள் வீட்டுச் சுவரில் படகில் நிற்கும் பெண்ணின் படம் இருக்கிறதே, நான் பிறப்பதற்கு முன்பே கடலில் மூழ்கிப்போன உங்கள் மகள் யோருன். அவளைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும். அப்பாவுக்குப் போன் செய்து யோருனின் கையைப் பற்றிக் கேட்டேன். "அதை அத்தைகிட்டயே கேளு" என்று வைத்துவிட்டார்.

கேட்கிறேன்.

ஸிஸெல்


ஸ்கார்வோய்
24 செப்டம்பர் 1995

அன்பு ஸிஸெலுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருந்தேன். ஆடுகளை மலையிலிருந்து இறக்கியாயிற்று. இனி வேறு சாக்கு இல்லை.

யோருனுக்கு ஏழு வயது. மீன் உலர்த்தும் சட்டத்திலிருந்து விழுந்தாள். படகில் உன் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டுப் போட்டார்கள். அப்போதெல்லாம் தாய் கூட இருக்க விடமாட்டார்கள். தாய் இருந்தால் பிள்ளை அழும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாம். நான் தீவுக்குத் திரும்பிவிட்டேன். தபால் நிலையத்திலிருந்து போன் செய்தால், "நல்லா இருக்கா, கொஞ்சம் சிணுங்குறா" என்று சொன்னார்கள். கை சரி என்று எழுதியும் வைத்திருந்தார்கள். அதை நானே பின்னால் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கண்ணாடிக்கு அப்பால் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. விரல்கள் கறுத்திருந்தன. நான் கதவைத் தட்டினேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீ டாக்டர்.

விரல்கள் உள்ளே சுருண்டு அப்படியே இறுகிவிட்டன. பள்ளியில் நண்டு என்று கூப்பிட்டார்கள். அதனால் சின்னப் பிள்ளைகளோடு மட்டும் விளையாடுவாள். கல், காகிதம், கத்தரியில் எப்போதும் கல். அந்தப் பொடிசுகள் ஜெயித்துக் குதிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சட்டை நான் பின்னியது. மேல் பொத்தான் தொலைந்துபோய் வேறு தைத்தேன். ஒரு கையால் போட வசதியாகப் பெரிய பொத்தான்.

பதினைந்து வயதில் கப்பல்துறையில் வழுக்கிக் கடலில் விழுந்தாள். கயிறு எறிந்தார்கள். திறக்காத வலது கைப்பக்கம் விழுந்தது கயிறு.

இவ்வளவுதான். முப்பத்துநான்கு வருஷமாக இந்த வீட்டில் ஒரு நாள் அவள் வந்ததில்லை. கதவைத் தாழிடாமல் படுத்திருக்கிறேன். எனக்கு அவள் கனவில்கூட வரவில்லை. உன் வார்டுக்கு வருகிறாள், யாரோ பெற்ற பிள்ளைகளிடம்.

ஸிஸெல், அவள் எப்படி இருக்கிறாள்? அவளுக்குக் குளிருகிறதா?

அத்தை டோர்டிஸ்


ஹெல்லவோக்
15 அக்டோபர் 1995

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் துறைமுகம் வரை நடந்து போய்த் திரும்பினேன். குளிர் தொடங்கிவிட்டது. அடுப்புக்கு விறகு போதுமா? கால்களைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல செய்தி. ஹெடாவுக்குப் பிறகு லோக்கன் என் தாளைத் தானே கையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு டாக்டரிடமும் போனார். "இனிமே சரின்னு எழுதறவன் என் ரூமுக்கு வந்து எது சரின்னு சொல்லிட்டுப் போகணும்" என்றார். இப்போது முழங்கை ஒடிந்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசலிலேயே பார்க்கிறோம். கட்டுக்குப் பிறகும் மணிக்கொரு தடவை பார்க்கிறோம். பார்த்ததை எல்லாம் எழுதுகிறோம். தாய் தகப்பன் கட்டிலருகிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கும் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம். ஊன்னிக்கு மட்டும் அலுப்பு. "இந்தப் பிள்ளைங்க கூட ஆடியாடி நான் சூதாட்டக்காரி ஆயிட்டேன்" என்கிறாள்.

தாள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து எந்தப் பிள்ளையும் அந்த அக்காவைப் பற்றிப் பேசவில்லை. கேட்டும் பார்த்தேன். விழிக்கிறார்கள். தரை உலர்ந்திருக்கிறது.

யாரும் பார்க்காமல் விட்ட கைகளைப் பார்க்கத்தான் அவள் வந்தாள் என்று நினைக்கிறேன். இனி அவள் வரத் தேவையில்லை. உங்களுக்கு இது நிம்மதியாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

பிரியமுடன்
ஸிஸெல்


ஸ்கார்வோய்
29 அக்டோபர் 1995

அன்பு ஸிஸெலுக்கு,

நீ நலமா? விறகு இருக்கிறது.

நன்றாகச் செய்தாய். பிள்ளைகளின் கை பிழைக்கட்டும்.

ஒன்று கேட்பேன், கோபிக்காதே. நான் அடுத்த படகில் வருகிறேன். வார்டில் ஒரு மூலையில் நாற்காலி போட்டுக்கொடு. ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு மத்தியானம், அந்தக் கையை நீங்கள் யாரும் பார்க்காமல் இருங்கள். எழுதாமல் இருங்கள். பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, அதற்குள் அவள் வந்து சொல்லிவிடுவாள், ஹெடாவுக்குச் சொன்னது போல. நான் அருகில்தான் இருப்பேன். ஏதாவதென்றால் நானே உன்னைக் கூப்பிடுவேன்.

அவளை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். புதிதாக ஒரு சட்டை பின்னி வைத்திருக்கிறேன்.

அத்தை


ஹெல்லவோக்
5 நவம்பர் 1995

அன்புள்ள அத்தைக்கு,

முடியாது.

இந்தச் சொல்லுக்குக் கீழே வேறு ஏதாவது மென்மையாக எழுதலாம் என்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பாள், அத்தை. உங்களைப் போலவே படகில் வந்தவளாக இருப்பாள். அவளிடம் நான் என்ன சொல்வேன்?

கிறிஸ்துமஸுக்கு இங்கே வாருங்கள். என் அறை சின்னதுதான், ஆனால் வெயில் இல்லாத மாதத்தில் நீங்கள் அங்கே தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் ஸிஸெல்


ஹெல்லவோக்
17 டிசம்பர் 1995

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? என் கடிதம் கிடைத்ததா? உங்கள் வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்பா கூப்பிட்டால் எடுக்கிறீர்கள், நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அப்பா, "அவ நல்லாத்தான் இருக்கா, ஆனா உன்னோட தாளைப் பத்தியே துருவித் துருவிக் கேக்கறா. எதைப் பாப்பீங்க, எதைக் கேப்பீங்க, கையைத் தொட்டுப் பாப்பீங்களா, வாயால கேட்டுட்டுப் போயிடுவீங்களான்னு" என்றார். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னாராம்.

எதற்காகக் கேட்டீர்கள்?

ஒரு வரி எழுதுங்கள். கோபம் என்றாவது எழுதுங்கள்.

ஸிஸெல்


ஸ்கார்வோய்
11 பிப்ரவரி 1996

அன்பு ஸிஸெலுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

உன் அப்பா சொல்லியிருப்பான். ஜனவரியில் கப்பல்துறைப் பனியில் விழுந்தேன். வேண்டுமென்று விழவில்லை, அதை மட்டும் நம்பு. முழங்கை ஒடிந்தது, அவளுக்கு ஒடிந்த அதே பக்கம். படகு உன் ஊருக்குத்தான் கிளம்பியது. தெற்கே கொண்டுபோங்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அங்கே உன் தாள் கிடையாது.

கட்டுப் போட்டார்கள். மறுநாள் விரல்கள் மரத்துவிட்டன. பிறகு வலி வந்தது. பிரசவ வலி இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒரு நர்ஸ் வந்தாள், பாவம், சின்னப் பெண், ஆயிரம் வேலை. "விரல் எல்லாம் அசையுதா, வலி அதிகமா இருக்கா?" என்று கேட்டாள். "நல்லா அசையுது, வலியே இல்ல தங்கம்" என்றேன். போர்வைக்குள் கை. விலக்கிப் பார்க்கவில்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டு போனாள். மறுபடி வந்தாள். மறுபடி அதையே சொன்னேன்.

நடுப்பகல். ஜன்னலில் குளிர்கால நீல வெளிச்சம். என்னோடு இருந்த இரண்டு பெண்களும் உறக்கம். முதலில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. திரும்பினேன்.

வந்திருந்தாள்.

சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பின்னலிலிருந்து தண்ணீர். "யோருன்" என்றேன். திரும்பவில்லை. போர்வையை விலக்கி என் கையைப் பார்த்தாள், கையை மட்டும். அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பார்த்தேனே, அதே முகம். அவ்வளவு பயம். பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் அந்த ஏழு வயது முகம்.

நான் அவள் விளையாட வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஸிஸெல். பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துச் சிரிக்க வருகிறாள் என்று. அப்படியில்லை. ஒரு கையை யாரும் பார்க்காமல் விடும்போதெல்லாம் அவள் அந்தப் பழைய கட்டிலுக்கு இழுத்துவரப்படுகிறாள். வரும் வழியெல்லாம் அந்த வலியோடு வருகிறாள்.

"அம்மாடி, இங்க பாரு, நான்தான்" என்றேன். எனக்கு எழுபத்துமூன்று வயது. அவள் கண்ணுக்கு யாரோ ஒரு கிழவி. கதவுப் பக்கம் ஓடி, "யாராச்சும் வாங்களேன், இவங்க கை போகுது" என்று கத்தினாள். "இவங்க" என்றாள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "யாரு கூப்பிட்டது? யாரோ சின்னப் பொண்ணு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே" என்று தண்ணீரில் வழுக்கி என் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் என் விரல்கள் இருந்தன. தொட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கையைத் திறந்து காப்பாற்றினார்கள். சுண்டு விரலிலும் அதற்கடுத்ததிலும் உணர்ச்சி இல்லை, இனி வராதாம். அது போதும் எனக்கு.

பின்னி வைத்த சட்டையை அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் நான் கேட்டது என்னவென்று இப்போது தெரிகிறது. ஒரு பிள்ளையின் கையை மட்டுமல்ல. அவளை இன்னொரு முறை அந்தக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தச் சொன்னேன். நீ முடியாது என்று எழுதியதற்கு உன் கையைப் பிடித்து முத்தமிடுகிறேன்.

இனி எனக்கு எழுதும்போது ஒன்று செய். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், ஆட்டம் எப்படிப் போயிற்று, எதை வேண்டுமானாலும் எழுது. கடைசியில் யாரும் வரவில்லை என்று ஒரு வரி எழுது. நான் அதைப் படித்துவிட்டுத் தூங்குவேன்.

அத்தை டோர்டிஸ்


ஹெல்லவோக்
3 மார்ச் 1996

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கை எப்படி இருக்கிறது? உணர்ச்சி இல்லாத விரல்களை அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள், சுட்டாலும் தெரியாது. தையல் பிரித்த இடத்தைத் தினமும் பாருங்கள். நான் ஈஸ்டருக்கு வருகிறேன், வந்து நானே பார்க்கிறேன். திட்டுவதையும் அப்போதே வைத்துக்கொள்கிறேன். கடிதத்தில் திட்ட எனக்கு வரவில்லை.

தாளில் ஒரு வரி கூட்டினேன்: "கேட்டதை எழுதாதே. போர்வையை விலக்கித் தொட்டுப் பார்த்ததை எழுது." லோக்கன் ஏன் என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு நோயாளி பொய் சொன்னார் என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தெற்கே நீங்கள் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் தாளின் பிரதி கேட்டிருக்கிறார்கள். அந்தச் சின்ன நர்ஸே எழுதிக் கேட்டிருக்கிறாள்.

நேற்று ஒரு பையன் வந்தான், பனிச்சறுக்கில் விழுந்தவன். நான்கு வயது. பெயர் ஓட்மார். கை கோணி, வீங்கி, பார்க்கவே பயமாக இருந்தது. வாசலிலேயே பார்த்தோம்: நாடி இருந்தது, விரல்கள் சூடு, கல் வந்தது, காகிதம் வந்தது, கத்தரி காட்டத் தெரியாமல் மூன்று விரலை நீட்டினான், வளையம் பிடித்து அதன் வழியே என்னை எட்டிப் பார்த்தான். எழுதினோம். எலும்பை நேராக்கிய பிறகு மறுபடியும் எல்லாம் பார்த்தோம், எழுதினோம். அவன் அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. மத்தியானம் எல்லோரும் உறங்கும் நேரம் நான் நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஊன்னி ஒன்றும் கேட்காமல் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஓட்மார் தாயின் ஒரு விரலைப் பிடித்தபடி தூங்கினான், ஒடிந்த கையாலேயே.

தரை உலர்ந்திருந்தது.

யாரும் வரவில்லை, அத்தை.

உங்கள்
ஸிஸெல்